தரவுத்தள வடிவமைப்பு: அடிப்படைகள் பிறந்த வரலாறு

ஒரு நூலகமோ வங்கியோ மருத்துவமனையோ தனக்கு வேண்டிய தகவல்களை எந்தெந்த அட்டவணைகளாகப் பிரிப்பது, அவற்றை எதைக் கொண்டு இணைப்பது, எந்த விதிகளுக்குக் கட்டுப்படுத்துவது என்று தீர்மானிக்கும் துறையே தரவுத்தள வடிவமைப்பு. அப்படி வகுத்ததைச் சேமித்து, பலர் ஒரே நேரத்தில் கை வைத்தாலும் குலையாமல் காக்கும் மென்பொருள் தரவுத்தள மேலாண்மை அமைப்பு. வகுப்பறையிலும் அலுவலகத்திலும் இதை டிபிஎம்எஸ் என்றே சொல்கிறார்கள்.

கல்லூரிப் பாடத்தில் இத்துறை பெரும்பாலும் ஈஆர் வரைபடத்தில் தொடங்கும். அட்டவணைகள், எஸ்கியூஎல், இயல்பாக்கம் ஆகியவை அடுத்து வரும். பரிவர்த்தனையும் இண்டெக்ஸும் பருவத்தின் கடைசி வாரங்களில் ஓட்டமாக முடிக்கப்படும். இவை உண்மையில் பிறந்த வரிசை வேறு. முதல் அத்தியாயமான ஈஆர் வரைபடம் 1976இல் வந்தது. அதற்குள் அட்டவணை, இயல்பாக்கம், எஸ்கியூஎல் மூன்றும் வந்துவிட்டன. கடைசியில் படிக்கும் இண்டெக்ஸ் மரம் 1970இலேயே எழுதப்பட்டது. எந்தப் பாடம் எந்தச் சிக்கலுக்கு விடையாக வந்தது என்று தெரியாமல் படிப்பவருக்கு இவையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டிய விதிகளாகவே மிஞ்சுகின்றன.

அட்டை, நாடா, வட்டு

1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் உருவாக்கிய துளை அட்டை, அரை நூற்றாண்டுக்கு மேல் அலுவலகக் கணக்குகளைச் சுமந்தது. 1950களில் காந்த நாடா அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. நாடாவில் ஒருவரின் கணக்கைப் பார்க்க அவருக்கு முன்னால் உள்ள அத்தனை பேரையும் கடந்தாக வேண்டும். அதனால் பகல் முழுவதும் சேர்ந்த மாற்றங்களை வரிசைப்படுத்தி, இரவில் மொத்தமாக ஒரே ஓட்டத்தில் ஏற்றினார்கள்.

1956இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஐபிஎம் உருவாக்கிய ராமாக் கணினி இந்தக் கட்டாயத்தை நீக்கியது. அதன் வட்டகத்தில் 24 அங்குல வட்டுகள் 50 இருந்தன. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இப்போது ஒரு கைபேசிப் படத்துக்கே அது போதாமல் போகலாம். ஆனால் வேண்டிய பதிவுக்கு நேராகப் போக முடிந்தது. உடனே அடுத்த கேள்வி எழுந்தது: எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று யார் நினைவில் வைத்திருப்பது? அன்று கிடைத்த விடை, நிரலர்தான் என்பது.

மரமும் வலையும்

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் 1960களின் தொடக்கத்தில் ஐடிஎஸ் என்ற அமைப்பைக் கட்டினார். பதிவுகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுட்டிகளால் கோக்கப்பட்டு வலைபோல் இருந்தன. அமெரிக்காவின் அப்பல்லோ நிலவுத் திட்டத்துக்கு வேறொரு நெருக்கடி. சாட்டர்ன் ராக்கெட்டின் உதிரிப் பாகங்கள் அனைத்தையும், எது எதற்குள் அடங்கும் என்ற கணக்கோடு நிர்வகிக்க வேண்டும். இதற்காக ராக்வெல், கேட்டர்பில்லர் நிறுவனங்களுடன் சேர்ந்து ஐபிஎம் எழுதியது ஐஎம்எஸ். 1968 ஆகஸ்ட் 14 அன்று கலிபோர்னியாவின் டௌனி நகரில் இருந்த ராக்வெல் வளாகத்தில், அமைப்பு தயார் என்ற செய்தி முதன்முதலில் முனையத்தில் தெரிந்தது.

ஐஎம்எஸ் தரவை மரமாக அடுக்கியது. ராக்கெட்டுக்குக் கீழே நிலை, நிலைக்குக் கீழே எந்திரம், எந்திரத்துக்குக் கீழே பாகம். பாகப் பட்டியலுக்கு இந்த வடிவம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் ஒரே பாகம் இரண்டு எந்திரங்களில் வந்தால் மரம் திணறும். கேள்வியைத் திருப்பிப் போட்டு, இந்தப் பாகம் எந்தெந்த எந்திரங்களில் இருக்கிறது என்று கேட்டால் இன்னும் திணறும். சேமிப்பு முறையை மாற்றினாலோ அதைச் சார்ந்து எழுதிய நிரல்களையும் திருத்த வேண்டும். பாக்மனின் வலை முதல் சிக்கலைத் தீர்த்தது, கடைசிச் சிக்கலை அப்படியே விட்டுவைத்தது. 1973இல் கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் அவர் நிரலரைக் கடலில் வழி கண்டு செல்லும் மாலுமியாக உருவகித்தார். பெருமையாகச் சொன்னதுதான். எட்கர் காட் தலைமையிலான எதிரணிக்கோ அதுவே குற்றச்சாட்டாகப் பட்டது.

காட் எழுதிய தாள்

எட்கர் காட் 1923இல் இங்கிலாந்தின் போர்ட்லண்ட் தீவில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்தார். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டினார். 1949இல் ஐபிஎம்மில் சேர்ந்தவர், அமெரிக்காவில் செனட்டர் மெக்கார்த்தி நடத்திய கம்யூனிஸ்ட் வேட்டையில் வெறுப்புற்று 1953இல் கனடாவுக்குப் போய், சில ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, 1965இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். சான் ஹோசே ஆய்வகத்துக்கு வந்த பின் 1969இல் உள் அறிக்கையாகவும், 1970 ஜூனில் அமெரிக்கக் கணினிச் சங்க இதழிலும் அவர் வெளியிட்ட கட்டுரைதான் உறவுநிலை மாதிரியின் தொடக்கம்.

அன்றைய அமைப்புகளில் நிரல்கள் மூன்று விஷயங்களில் சிக்கிக்கொண்டிருக்கின்றன என்று காட் காட்டினார்: பதிவுகள் அடுக்கப்பட்ட வரிசை, தேடலை வேகமாக்க இருக்கும் இண்டெக்ஸ்கள், ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதை. மூன்றிலிருந்தும் நிரலை விடுவிக்க அவர் சொன்ன வழி எளிமையானது. எல்லாத் தரவும் அட்டவணைகளில் இருக்கட்டும். சுட்டிகள் வேண்டாம். ஓர் அட்டவணையின் வரிசையை இன்னோர் அட்டவணையோடு இணைப்பது இரண்டிலும் உள்ள ஒரே மதிப்பாக இருக்கட்டும். ஒரு வரிசையை ஐயமின்றிக் காட்டுவது முதன்மைத் திறவுகோல், அதாவது பிரைமரி கீ. அதே மதிப்பு வேறோர் அட்டவணையில் போய் உட்காரும்போது அது அயல் திறவுகோல், ஃபாரின் கீ. இன்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எழுதும் இந்த இரண்டு வரையறைகளும் அந்தத் தாளிலிருந்து வந்தவையே.

ஐபிஎம்மில் இதற்கு வரவேற்பு அவ்வளவாக இல்லை. ஐஎம்எஸ் நல்ல வருமானம் தந்துகொண்டிருந்தது. ஓடும் பண்டத்துக்குத் தானே போட்டி தயாரிக்க எந்த வணிக நிறுவனமும் தயங்கும். வெளியிலும் எதிர்ப்பு இருந்தது. 1974 மே மாதம் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் நடந்த மாநாட்டில் காட் அணியும் பாக்மன் அணியும் நேருக்கு நேர் வாதிட்டன. இது கணிதம், சாதாரண நிரலருக்குப் புரியாது, புரிந்தாலும் வேகமாக ஓடாது என்றார்கள் ஒரு பக்கம். உங்கள் வலையில் ஒரு சிறு கேள்விக்கே பக்கம் பக்கமாக நிரல் எழுத வேண்டியிருக்கிறது என்றார்கள் மறுபக்கம். இரண்டுமே அன்று உண்மைதான்.

இயல்பாக்கம்: மூன்று பழுதுகள்

அட்டவணை என்று முடிவானதும் எப்படிப்பட்ட அட்டவணை என்ற கேள்வி வந்தது. காட் 1971இல் இரண்டாம், மூன்றாம் இயல்பு வடிவங்களை வகுத்தார். மாணவர்கள் அதிகம் தடுமாறும் பகுதி இதுதான். ஆகவே ஓர் எடுத்துக்காட்டோடு நின்று பார்ப்பது நல்லது.

ஒரு வாடகை நூல் நிலையம் ஒரே பதிவேடு வைத்திருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் உறுப்பினர் எண், உறுப்பினர் பெயர், அவருடைய முகவரி, நூல் எண், நூலின் தலைப்பு, ஆசிரியர், எடுத்த தேதி. உறுப்பினர் ஒருவர் மயிலாப்பூரிலிருந்து தாம்பரத்துக்கு வீடு மாறினால், அவர் நூல் எடுத்த எல்லா வரிகளிலும் முகவரியைத் திருத்த வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அவருக்கு இரண்டு ஊர். நேற்று வாங்கிய நூலை இன்னும் யாரும் எடுக்கவில்லை என்றால் அதைப் பதிய வரியே கிடையாது. ஒரு நூலை ஒருவர் மட்டுமே எடுத்திருந்து அந்தப் பழைய வரியை நீக்கினால், அந்த நூலின் ஆசிரியர் யார் என்ற செய்தியும் கூடவே போய்விடும். திருத்தும்போது, சேர்க்கும்போது, நீக்கும்போது என மூன்று பழுதுகள். மூன்றுக்கும் காரணம் ஒன்றே: மூன்று வெவ்வேறு பொருள்களைப் பற்றிய செய்தியை ஒரே வரியில் திணித்தது.

இந்தப் பதிவேட்டில் ஒரு வரியைத் தனித்துக் காட்ட உறுப்பினர் எண், நூல் எண், எடுத்த தேதி மூன்றும் சேர்ந்து வேண்டும். ஆசிரியர் பெயரோ நூல் எண்ணை மட்டுமே சார்ந்தது, அதாவது திறவுகோலின் ஒரு துண்டை மட்டும். அப்படிப்பட்டவற்றைப் பிரித்து உறுப்பினர், நூல், வழங்கல் என்று மூன்று அட்டவணைகள் ஆக்கினால் இரண்டாம் இயல்பு வடிவம். நூல் நிலையத்துக்குக் கிளைகள் உண்டு, உறுப்பினர் அட்டவணையில் கிளை எண்ணும் கிளை முகவரியும் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், கிளை முகவரி சார்ந்திருப்பது கிளை எண்ணைத்தான், உறுப்பினரை அல்ல. அதையும் வெளியேற்றினால் மூன்றாம் இயல்பு வடிவம். வில்லியம் கென்ட் 1983இல் எழுதிய எளிய விளக்கக் கட்டுரை இந்த விதிகளை நீதிமன்ற உறுதிமொழியின் சாயலில் சொன்னதால் அது மாணவர்களிடையே நிலைத்துவிட்டது.

1974இல் ரேமண்ட் பாய்ஸும் காட்டும் இன்னும் இறுக்கமான வடிவம் ஒன்றைத் தந்தார்கள். இருவர் பெயரிலும் அது வழங்குகிறது. இயன் ஹீத் 1971இலேயே இதே வரையறையைச் சொல்லிவிட்டார் என்பது பாடநூல்களில் அரிதாகவே வரும் செய்தி. ரொனால்ட் ஃபேகின் 1977இல் நான்காவதையும் 1979இல் ஐந்தாவதையும் சேர்த்தார். நடைமுறை வேலையில் மூன்றாவதோடு, அல்லது பாய்ஸ்–காட் வடிவத்தோடு நிற்பவர்களே மிகுதி. அதில் தவறில்லை. வேகத்துக்காக வேண்டுமென்றே அட்டவணைகளை மீண்டும் ஒட்டுவதும் உண்டு. பிரிக்கத் தெரிந்தவர் ஒட்டினால் அது வடிவமைப்பு, தெரியாதவர் ஒட்டினால் அது பழைய பதிவேடு.

கேட்பதற்கு ஒரு மொழி

காட் தந்தது இயற்கணிதம். அதை அலுவலகத்தில் ஒருவர் தட்டச்சு செய்யும் சொற்களாக ஆக்கியவர்கள் டொனால்ட் சாம்பர்லினும் அதே ரேமண்ட் பாய்ஸும். ஆன் ஆர்பர் வாதம் நடந்த அதே மாநாட்டில் அவர்கள் சீக்வெல் என்ற மொழியை முன்வைத்தார்கள். அடுத்த சில வாரங்களிலேயே பாய்ஸ் மூளை இரத்தக்குழாய்க் கோளாறால் இறந்துபோனார். சீக்வெல் என்ற பெயர் ஒரு பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் வணிகக் குறியாக இருந்ததால் பின்னர் எஸ்கியூஎல் என்று சுருங்கியது. பழைய உச்சரிப்பு இன்றும் பலர் நாவில் இருக்கிறது.

வேகமாக ஓடாது என்ற குற்றச்சாட்டுக்கு விடை, சான் ஹோசேயில் 1974 முதல் நடந்த சிஸ்டம் ஆர் திட்டத்திலிருந்து கிடைத்தது. எந்த அட்டவணையை முதலில் படிப்பது, எந்த இண்டெக்ஸைப் பயன்படுத்துவது என்று செலவைக் கணித்து மென்பொருளே வழியைத் தேர்ந்தெடுக்கும் முறையை 1979இல் பட்ரீசியா செலிஞ்சரும் குழுவினரும் வெளியிட்டார்கள். என்ன வேண்டும் என்று நிரலர் சொன்னால் போதும், எப்படி எடுப்பது என்பது எந்திரத்தின் பாடு. மாலுமிக்கு அன்றோடு வேலை போயிற்று.

பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் 1973இல் தொடங்கிய இங்க்ரெஸ் திட்டத்துக்குக் குவெல் என்ற சொந்த மொழி இருந்தது. அது சீரான மொழி. ஆனாலும் வென்றது எஸ்கியூஎல், ஏனென்றால் அதன் பின்னால் ஐபிஎம் நின்றது. 1986இல் அமெரிக்கத் தர நிறுவனமும் 1987இல் பன்னாட்டுத் தர அமைப்பும் அதை ஏற்றன. ஐபிஎம் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தே லாரி எலிசனும் தோழர்களும் 1977இல் நிறுவனம் தொடங்கி, 1979இல் ஆரக்கிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஐபிஎம்மின் முதல் எஸ்கியூஎல் விற்பனைப் பொருள் 1981இல்தான் வந்தது, டிபி2 அதற்கும் இரண்டாண்டு கழித்து. கண்டுபிடித்தவர் பின்தங்கி, படித்தவர் முந்திய கதை இது.

காட் இந்த வெற்றியில் முழு நிறைவு கொள்ளவில்லை. எஸ்கியூஎல் ஒரே வரிசை இரண்டு முறை வருவதை அனுமதித்தது, கணிதக் கணத்தில் அதற்கு இடமில்லை. 1985இல் கம்ப்யூட்டர்வேர்ல்ட் இதழில் அவர் எழுதிய புகழ்பெற்ற 12 விதிகள், உறவுநிலை என்று முத்திரை குத்தி விற்ற நிறுவனங்களை நோக்கியவை. பூஜ்யத்திலிருந்து எண்ணியதால் உண்மையில் அவை 13. 1981இல் டூரிங் விருது பெற்ற அவர் 2003இல் மறைந்தார்.

படம் வந்தது

எம்ஐடியில் இருந்த பீட்டர் சென் 1976 மார்ச்சில் வெளியிட்ட ஈஆர் மாதிரி, அட்டவணைக்கு முந்தைய சிந்தனைக்குப் படம் தந்தது. பெட்டிக்குள் பொருள்கள், சாய்சதுரத்துக்குள் அவற்றின் உறவு. நூல் நிலைய எடுத்துக்காட்டில் உறுப்பினரும் நூலும் பெட்டிகள், எடுத்தல் சாய்சதுரம். இதை முதலிலேயே வரைந்திருந்தால் மூன்று அட்டவணைகளும் பழுது பார்க்காமலே கிடைத்திருக்கும். பாடத்தில் இது முன்னால் வைக்கப்படுவதன் நியாயம் அதுதான். கெட்டுப்போன பதிவேட்டை ஒருமுறை பார்த்த பிறகு இதைக் கற்பிப்பதே நல்லது என்பது இக்கட்டுரையின் கருத்து.

பரிவர்த்தனையும் மின்வெட்டும்

ஒரு ரயிலில் ஒரே ஒரு கீழ்ப் படுக்கை மிச்சம். மதுரையில் ஒரு கவுன்ட்டரும் சென்னையில் ஒரு கவுன்ட்டரும் அதே நொடியில் அதைக் கேட்கின்றன. இருவருக்கும் கிடைக்கக் கூடாது, பணம் வாங்கிக்கொண்டு சீட்டு தராமலும் இருக்கக் கூடாது. முழுதாக நடக்க வேண்டிய அல்லது நடக்கவே கூடாத இத்தகைய வேலையே பரிவர்த்தனை. இதற்கான கோட்பாட்டை 1976இல் கபாலி ஈஸ்வரன், ஜிம் கிரே, ரேமண்ட் லோரி, இர்விங் டிரெய்கர் நால்வரும் எழுதினார்கள். ஒரு வேலை தனக்கு வேண்டிய பூட்டுகளை எல்லாம் போட்டு முடிக்கும்வரை எதையும் திறக்கக் கூடாது என்ற இரண்டு கட்டப் பூட்டு முறை அதில் வருகிறது. முழுமை, ஒத்திசைவு, தனிமை, நிலைப்பு என்ற நான்கு பண்புகளைச் சேர்த்து ஆசிட் என்று 1983இல் பெயரிட்டவர்கள் ஜெர்மனியின் தியோ ஹெர்டரும் ஆண்ட்ரியாஸ் ராய்டரும். ஜிம் கிரேவுக்கு 1998இல் டூரிங் விருது கிடைத்தது. 2007 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியாகப் பாய்மரப் படகில் கடலுக்குச் சென்றவர் திரும்பவில்லை.

வேலை பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனால்? மாற்றத்தைச் செய்வதற்கு முன் அதை லாக் எனும் நிகழ்வுப் பதிவில் எழுதிவிட வேண்டும் என்பது அடிப்படை விதி. அந்தப் பதிவை வைத்து எழுந்ததும் என்ன செய்வது என்பதை முழுமையாக வகுத்தது ஏரிஸ் முறை. முதலில் நிலைமையை ஆராய்தல், பிறகு விட்டுப்போனதைத் திரும்பச் செய்தல், கடைசியில் முடியாத வேலைகளை அழித்தல். 1992இல் வெளியான இந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர், தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்த சி. மோகன். ஐபிஎம்மின் டிபி2 உள்ளிட்ட பல அமைப்புகள் இம்முறையில் மீள்கின்றன.

இண்டெக்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். போயிங் ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1970இல் எழுதிய பி-மரம், ஒவ்வொரு கணுவிலும் பல கிளைகள் பிரிவது. 100 கிளைகள் என்றால் 10 லட்சம் வரிசைகளில் ஒன்றை மூன்றே எட்டில் தொடலாம். தேடலை வேகமாக்கும் அதே இண்டெக்ஸ் ஒவ்வொரு சேர்ப்பையும் சற்றுத் தாமதமாக்கும், ஆகவே எல்லாப் பத்திக்கும் இண்டெக்ஸ் போடுவது வடிவமைப்பாகாது.

தனிக்கணினியிலிருந்து மேகம் வரை

1980இல் வந்த டிபேஸ் II தரவுத்தளத்தைத் தனிக்கணினிக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் கம்ப்யூட்டர் சென்டர்களில் 1990களில் படித்த ஒரு தலைமுறைக்கு டிபேஸ் III பிளஸும் பாக்ஸ்ப்ரோவும்தான் தரவுத்தளம். ரைஸ் மில் கணக்கு, பள்ளிக் கட்டணம், சம்பளப் பட்டியல் என எதையும் அவற்றில் எழுதினார்கள். அட்டவணையை அவை நன்றாகவே கற்றுக்கொடுத்தன. ஆனால் டிபேஸ் III பிளஸில் அயல் திறவுகோலைக் கட்டாயப்படுத்தும் வசதியோ பரிவர்த்தனையோ இல்லை. மின்சாரம் போனால் இண்டெக்ஸ் கெடும், ரீஇண்டெக்ஸ் கட்டளை கொடுத்துத் தேற்ற வேண்டும். ஸ்வீடனில் 1995இல் மைஎஸ்கியூஎல் வந்தது. பெர்க்லி மரபில் வளர்ந்த போஸ்ட்கிரஸ் 1996இல் போஸ்ட்கிரஸ்எஸ்கியூஎல் ஆனது. இரண்டும் கட்டணமில்லாமல் கிடைத்ததால் பெரிய அமைப்புகளின் பாடங்கள் சிறிய ஊர்களுக்கும் வந்தன.

கூகுளின் பிக்டேபிள் கட்டுரை 2006இலும் அமேசானின் டைனமோ கட்டுரை 2007இலும் வந்தபின் நோஎஸ்கியூஎல் அலை எழுந்தது. பல்லாயிரம் கணினிகளில் தரவைப் பரப்ப, அட்டவணை ஒழுங்கையும் பரிவர்த்தனையையும் கைவிடலாம் என்ற வாதம் சில ஆண்டுகள் ஓங்கியது. 2012இல் கூகுளே ஸ்பேனர் மூலம் பரிவர்த்தனைக்குத் திரும்பியது. மாங்கோடிபி 2018இல் பல ஆவணப் பரிவர்த்தனையைச் சேர்த்தது. கைவிட்டவை தேவையற்றவை அல்ல என்பது அனுபவத்தில் தெரிந்தது.

தமிழ்த் தரவு

முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம் என்று வடிவமைத்த அட்டவணை, தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்ட தமிழரை நுழையும்போதே தவறான தகவல் தர வைக்கிறது. ஓரிடத்தில் புள்ளி வைக்கிறார், இன்னோரிடத்தில் தந்தை பெயரை விரித்து எழுதுகிறார், வேறோரிடத்தில் தன் பெயரையே இரண்டு முறை எழுதுகிறார். மூன்று பதிவும் ஒருவரே என்று எந்திரத்துக்குத் தெரிவதில்லை. பெயர் ஒருபோதும் திறவுகோல் ஆகாது என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

அகரவரிசையும் கவனிக்க வேண்டியது. யூனிகோடு குறியெண்படி அடுக்கினால் ந-வை ஒட்டி ன வரும், ர-வை ஒட்டி ற வரும், ள முந்தி ழ பிந்தும், வ அவற்றுக்கும் பின்னால் போகும். தமிழுக்கான வரிசை விதியை அமைப்பில் தனியே தேர்ந்தெடுத்தால்தான் வாக்காளர் பட்டியலோ நூற்பட்டியலோ நம் நெடுங்கணக்கில் வரும். நீளமும் அப்படியே: யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட் எடுக்கும். கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் ஸ்ரீ நான்கு குறியெண்களால் ஆனது, அதாவது 12 பைட். பத்தியின் அளவை பைட்டில் கணக்கிடும் அமைப்புகளில் நீளமான தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்படுவது இதனால்தான்.

கற்பித்தல்

கிறிஸ் டேட் 1975இல் எழுதிய அறிமுக நூல் முதல் தலைமுறைப் பாடநூல். கோர்த், சில்பர்ஷாட்ஸ் இருவரும் 1986இல் தொடங்கி, பின்னர் மும்பை ஐஐடி பேராசிரியர் எஸ். சுதர்சன் சேர்ந்துகொண்ட நூல் இந்தியக் கல்லூரிகளில் பரவலாகப் பயன்படுவது. அதன் அட்டையில் பாய்மரப் படகுகள் இருக்கும். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் தரவுத்தளக் கருத்துகளையும் எஸ்கியூஎல்லையும் தனி அத்தியாயங்களில் தமிழ் வழியிலேயே தருகிறது. பைதான் நிரலிலிருந்து எஸ்கியூலைட்டைக் கையாளவும் கற்றுத்தருகிறது.

அந்த எஸ்கியூலைட்டை ரிச்சர்ட் ஹிப் 2000இல் எழுதினார். அமெரிக்கப் போர்க்கப்பலுக்கான ஒரு மென்பொருளில், நிர்வாகி யாரும் இல்லாமலே இயங்கும் தரவுத்தளம் அவருக்குத் தேவைப்பட்டது. தனி சர்வர் வேண்டாம், முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு, பதிப்புரிமையும் கிடையாது. எல்லா ஆண்ட்ராய்டு கைபேசியிலும் ஐபோனிலும் அது இருக்கிறது. ஆகவே தொடக்கநிலை மாணவர் பயிற்சிக்காக எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதன் அட்டவணைகளில் அயல் திறவுகோல் சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும், முதல் வேலையாக அதை இயக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நெடுங்காலச் சேமிப்புக்குப் பரிந்துரைக்கும் வடிவங்களுள் எஸ்கியூலைட் கோப்பும் ஒன்று. 2050ஆம் ஆண்டு வரை அதைப் பராமரிக்கும் திட்டத்தை அதன் உருவாக்குநர்கள் அறிவித்திருக்கிறார்கள்.